வாலிக்காக ஊர் அழ வேண்டுமானால்: மேடையேற்றுவோர் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகும் சாலையில் இருக்கிறது சேவூர். அங்கே கோயில் கொண்டிருப்பவர் பெயர் வாலீஸ்வரர். கிட்கிந்தையை ஆண்ட வாலி இங்கே வந்து சிவனை வழிபட்டான் என்பது தலபுராணம். வாலியின் பெயரையே ஈசன் தாங்கியிருக்கும் ஊரில் வாலி கதையை நாடகமாகப் போடுவதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். சிரமம் உண்டு. வாலி மேல் ஊருக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் மரியாதை வேறு, பந்தலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொண்டை அடைப்பது வேறு.

அந்தத் தொண்டை அடைப்பை ஒரு தொழிலாகவே கற்று வைத்திருந்தவர்கள் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நகரத்து நாடகக்காரர்கள். ஈஸ்கிலஸ், சோபாக்ளிஸ், யூரிப்பிடிஸ் ஆகிய மூவரும் வசந்த காலத்து டயோனிசஸ் விழாவில் போட்டி போட்டு நாடகம் நடத்தினார்கள். அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' என்ற நூலில் அவர்கள் கைவேலையைப் பிரித்துப் பார்த்தார். அவர் கண்டது இது: அப்பழுக்கில்லாத நல்லவன் வீழ்ந்தால் பார்ப்பவருக்கு மனம் கசக்கும். படுபாவி வீழ்ந்தால் 'வேண்டும் அவனுக்கு' என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒருவன், கெட்ட எண்ணத்தால் இல்லாமல் ஒரு பிழையால் வீழ்ந்தால்தான் இரக்கமும் அச்சமும் பிறக்கும்.

கம்பன் இந்த நூலைப் பார்த்தவனல்ல. ஆனாலும் கிட்கிந்தா காண்டத்து வாலி வதைப் படலத்தை அரிஸ்டாட்டில் படித்திருந்தால் தன் நூலுக்கு இன்னொரு உதாரணமாகச் சேர்த்திருப்பார். கோயில் விழாவிலோ, பள்ளி ஆண்டு விழாவிலோ, கம்பன் விழாவிலோ வாலியை மேடையேற்ற நினைப்பவர்களுக்காக இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தொகுத்த பட்டியல் இது. கர்ணனையோ கோவலனையோ எடுத்துக்கொள்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

1. முடிவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

வாலி சாகப் போகிறான் என்பது சேவூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை மூடி வைத்துக் கடைசியில் திடுக்கிட வைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஈடிபஸ் தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் என்பது ஏதென்ஸ் கூட்டத்துக்கும் தெரியும். சோபாக்ளிஸ் அதை மறைக்கப் பார்க்கவில்லை. நாட்டைப் பிடித்த கொள்ளைநோய்க்குக் காரணமான கொலைகாரனைத் தேடிப் பிடிப்பேன் என்று ஈடிபஸ் சபதம் செய்கிறான். அந்தக் கொலைகாரன் அவன்தான் என்று பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. 'ஐயோ, இவன் வாயாலேயே சொல்கிறானே' என்று மனம் பதைப்பது அங்கேதான்.

கொங்கு நாட்டுக்கு இது பழகிய வழி. உடுக்கை அடித்துப் பல இரவு பாடும் அண்ணன்மார் சாமி கதையில் பொன்னரும் சங்கரும் மாள்வார்கள் என்று தெரிந்துதான் ஊர் வந்து உட்காருகிறது. மாசி மாதம் மணப்பாறைப் பக்கத்து வீரப்பூருக்குப் படுகளம் பார்க்கப் போகிறவர்களும் தெரிந்துதான் போகிறார்கள்.

ஆகவே இராமனும் சுக்கிரீவனும் நட்புக் கொள்ளும் காட்சியை முதலில் வையுங்கள். வாலி மேடைக்கு வருவதற்கு முன்பே அவன் கதை முடிவு செய்யப்பட்டுவிட்டது என்று கூட்டத்துக்குத் தெரியட்டும். பிறகு அவன் சிரித்தாலும் கலங்கும், கோபப்பட்டாலும் கலங்கும்.

2. பெருமையைச் செயலில் காட்டுங்கள்

'மாவீரன் வாலி' என்று மைக்கில் அறிவிப்பதால் அவன் மாவீரன் ஆகிவிட மாட்டான். ஈடிபஸ் நாடகம் தொடங்கும்போதே மக்கள் மரக்கிளைகளை ஏந்தி அவன் வாசலில் நிற்கிறார்கள். ஒருமுறை நகரைக் காப்பாற்றினாய், இப்போதும் காப்பாற்று என்று கேட்கிறார்கள். பத்து நிமிடத்தில் அவன் யார் என்பது புரிந்துவிடுகிறது.

கம்பனின் வாலி எட்டுத் திசைகளின் எல்லைவரை போய் அட்டமூர்த்தியான சிவனை நாள்தோறும் பணிபவன். எதிரே வந்து போரிடுகிறவர் வலிமையில் பாதி இவனுக்கு வந்துவிடும். முதற்செய்தியை ஒரு காட்சியாக்குங்கள். வழிபாடு முடித்துத் திருநீறும் ஈரமுமாக அரண்மனை திரும்புகிறான், வழியில் மகன் அங்கதன் ஓடிவந்து தோளில் ஏறுகிறான். அவ்வளவு போதும். வாலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

3. பிழையைக் காட்டுங்கள், அது எங்கிருந்து வந்தது என்பதோடு சேர்த்து

கதையின் வேர் மாயாவி என்ற அசுரனைத் துரத்திக்கொண்டு வாலி பிலத்துக்குள் நுழைந்ததில் இருக்கிறது. தம்பியை வாசலில் காவல் வைத்துவிட்டு உள்ளே போனவன் நெடுநாள் திரும்பவில்லை. அண்ணன் இறந்துவிட்டான் என்று சுக்கிரீவன் அழுதான். மற்றவர்கள் அவனைத் தேற்றி அரசனாக்கினார்கள். மாயாவி வெளியே வந்துவிடக் கூடாது என்று மலைகளை வைத்து வாசலை அடைத்தார்கள். அசுரனைக் கொன்றுவிட்டு வந்த வாலிக்குத் தெரிந்தது அடைத்த வாசலும் அரியணையில் இருந்த தம்பியும்தான். சுக்கிரீவன் காலில் விழுந்து நடந்ததைச் சொல்கிறான். வாலி கேட்கவில்லை. அடித்து விரட்டுகிறான். தம்பி மனைவி உருமையையும் தன்வசம் வைத்துக்கொள்கிறான்.

இதில் வாலியின் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு, செய்ததற்கு நியாயம் இல்லை. இரண்டையும் மறைக்காமல் காட்டுங்கள்.

பாகப்பிரிவினை நடக்காத தெரு இந்தப் பக்கம் உண்டா? அண்ணனும் தம்பியுமாக நாலு பவர்டேபிள் போட்டு ஆரம்பித்த பனியன் கம்பெனி, கணக்கில் வந்த ஒரு சந்தேகத்தில் இரண்டாகப் போகும். "அன்னைக்கு அவன் சொன்னதைக் காது குடுத்துக் கேட்டிருக்கலாமுங்க" என்று பல வருஷம் கழித்து அண்ணன் சொல்வார். இந்தக் காட்சியைப் பார்க்கும்போது அவர் பந்தலில் எங்கோ உட்கார்ந்திருப்பார். நம்மைப் போன்ற ஒருவனுக்கு வருவது நமக்கும் வரும் என்பதுதான் அச்சம் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இவரைப் பற்றித்தான்.

இயக்குநர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாலியின் பிழை ஆசையும் அல்ல, அகங்காரமும் அல்ல. அவன் கேட்பதில்லை. தம்பி சொன்னதைக் கேட்கவில்லை, மனைவி சொன்னதைக் கேட்கவில்லை. கடைசியில், அம்பு மார்பில் நிற்கும்போது, தன்னைக் கொன்றவன் சொல்வதைக் கேட்கிறான். நாடகம் முழுவதையும் இந்த மூன்று கேட்டல்களின் மேல் கட்டலாம்.

4. தாரையின் காட்சிக்கு நேரம் ஒதுக்குங்கள்

பெரும்பாலான வாலி நாடகங்களில் அவன் மனைவி தாரை வந்து 'போகாதீர்கள்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவாள். அங்கேதான் நாடகம் தோற்கிறது.

அடிபட்டு ஓடிப்போன தம்பி திரும்பி வந்து சண்டைக்குக் கூப்பிடுகிறான் என்றால் பின்னால் யாரோ இருக்க வேண்டும் என்று தாரை யோசிக்கிறாள். இராமன் துணை நிற்பதாகக் கேள்விப்பட்டேன் என்கிறாள். வாலி சிரிக்கிறான். இராமனுக்காகப் பரிந்து பேசுகிறான். தனக்குரிய அரசைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுக் காட்டுக்கு வந்தவன், இன்னொரு வீட்டு அண்ணன் தம்பி சண்டையில் அம்பு விடுவானா? அறத்தின் வடிவத்தைப் பற்றி இப்படியா பேசுவாய் என்று மனைவியைக் கடிந்துகொள்கிறான்.

தன்னைக் கொல்லப் போகிறவனின் நல்ல பெயரைக் காப்பாற்றப் பேசுகிறான் வாலி. உலக நாடகத்தில் இதற்கு நிகரான இடங்கள் மிகக் குறைவு. ஈடிபஸுக்குக் குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் உண்மையைச் சொன்னபோது அவன் சதி என்று சீறினான். அவன் மணந்த ஜொகாஸ்டா மேற்கொண்டு விசாரிக்காதே என்று கெஞ்சியபோதும் கேட்கவில்லை. அவனைக் குப்புறத் தள்ளியது சந்தேகம். வாலியைத் தள்ளியது நம்பிக்கை. அதனால்தான் வாலி மேல் நமக்கு வரும் இரக்கத்தில் வலி அதிகம்.

தாரையாக நடிப்பவர் அழக் கூடாது. வழக்கு எடுத்துரைப்பவர்போல் நிதானமாக ஒவ்வொரு காரணமாகச் சொல்ல வேண்டும். கூட்டம் அவள் பக்கம் சாய வேண்டும். முன்வரிசையில் இருக்கும் ஒரு ஆத்தா, "அட, அந்தப் புள்ள சொல்றதக் கேளுப்பா" என்று வாய்விட்டுச் சொன்னால் காட்சி வெற்றி.

5. அம்பைப் பிடித்த கையைக் கூட்டம் பார்க்கும்படி வையுங்கள்

திருப்புமுனையும் உண்மை தெரியவருவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் அதுவே சிறந்த அமைப்பு என்கிறார் அரிஸ்டாட்டில். ஆட்டிடையன் சொன்ன ஒரே பதிலில் ஈடிபஸ் தான் யார் என்று அறிகிறான், அதே பதிலில் அழிகிறான்.

கம்பனிடம் அந்த இடம் இன்னும் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கிறது. மார்பில் பாய்ந்த அம்பு ஊடுருவிப் போகாதபடி வாலி பிடித்து நிறுத்துகிறான். எய்தவன் யார் என்று பார்க்கிறான். அம்பில் இராமன் பெயர் இருக்கிறது. சற்று முன்பு யாருக்காக மனைவியைக் கடிந்துகொண்டானோ அவன் பெயர்!

இந்த இடத்தில் வசனம் வைக்காதீர்கள். வாலி பெயரைப் படிக்கட்டும், பிறகு தாரை நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசாக்காரர்களும் இப்போதெல்லாம் விழாக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் இவன் பெயர் பாலி. தமிழ் புரியாவிட்டாலும் இந்தக் கதை அவர்களுக்கும் சொந்தம். அந்தத் திரும்பிப் பார்த்தல் எல்லா மொழியிலும் புரியும்.

இன்னொன்று. கம்பனில் வாலி கையைத் தளர்த்தும்போதுதான் அம்பு மார்பை ஊடுருவிப் போகிறது. அதாவது அவன் பேசுகிற பேச்சு முழுவதும் அம்பைப் பிடித்தபடியே பேசுவது. நடிகர் இரண்டு கையாலும் அம்பைப் பிடித்திருக்கட்டும். வாதம் சூடாகும்போது பிடி இறுகட்டும், மனம் மாறும்போது ஒரு கை விலகட்டும், மகனை ஒப்படைத்த பிறகு மற்ற கையும் விலகட்டும். உயிர் போவதைக் காட்ட வேறு எதுவும் தேவையில்லை.

6. இரு பக்கத்தையும் பேச விடுங்கள்

நீதிமன்ற வாதம் ஏதென்ஸ்காரர்களுக்கு உயிர். அவர்கள் நாடகங்களிலும் இருவர் எதிரெதிரே நின்று முழுமையாக வாதாடும் காட்சி கட்டாயம்போல் வரும். யூரிப்பிடிஸின் 'மீடியா' கி.மு. 431-இல் மேடையேறியது. பெற்ற பிள்ளைகளையே கொல்லும் பெண்ணின் கதை. ஆனால் கொலைக்கு முன்பே, கைவிட்ட கணவனிடம் அவள் தன் வழக்கைச் சொல்லி முடித்துவிடுகிறாள். கொலையை ஏற்காதவர்களும் அவளை வெறுக்க முடியாமல் தவிப்பது அதனால்.

வாலியும் கேட்கட்டும். மறைந்து நின்று ஏன் எய்தாய், எனக்கும் உனக்கும் என்ன பகை, குரங்கினத்துக்கு மனித மணமுறை பொருந்துமா? இராமனும் சொல்லட்டும். தம்பி மனைவியைக் கவர்ந்தது குற்றம், நன்மை தீமை அறிகிறவன் விலங்கென்று சொல்லித் தப்ப முடியாது. மறைந்து நின்றதற்கு இலக்குவன் தரும் பதிலையும் விட்டுவிடாதீர்கள். நேரில் வந்தால் வாலியும் அடைக்கலம் கேட்டுவிடலாம், சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு அப்போது என்னாவது என்பது அவன் பதில். கூட்டத்தில் பாதிக்கு அது போதும், பாதிக்குப் போதாது. அப்படியே இருக்கட்டும்.

7. ஊரின் குரலுக்கு ஒரு குழு வையுங்கள்

கிரேக்க மேடையில் கோரஸ் என்ற குழு ஆடிப் பாடிக்கொண்டே நாயகனைக் கேள்வி கேட்கும், பயப்படும், பரிந்து பேசும். 12 பேராக இருந்ததை 15 பேராக்கியவர் சோபாக்ளிஸ் என்பார்கள். பார்ப்பவர் எங்கே தயங்க வேண்டும், எங்கே நெகிழ வேண்டும் என்று வழிகாட்டுவது இந்தக் குழு.

கொங்கு நாட்டில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வள்ளிக்கும்மி ஆடாத வட்டாரம் இல்லை. வள்ளிக்கும்மிக் கலைஞர் தேக்கம்பட்டி பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு இளைஞர்களும் கும்மிக் குழுக்களில் சேர ஆர்வம் காட்டுகிறார்கள். ஒரு குழுவைக் கிட்கிந்தை மக்களாக நிறுத்துங்கள். அண்ணனைக் கொல்ல ஆள் கூட்டி வந்தவனை நம்பலாமா என்று கம்பனில் இலக்குவனே கேட்கிறான். அதே சந்தேகத்தைக் கும்மிக் குழுவும் ஒரு சுற்று ஆடிக் கேட்கட்டும்.

8. கடைசி வார்த்தைகள் பிறருக்காக இருக்கட்டும்

கண்ணிழந்த ஈடிபஸ் தன்னைப் பற்றிப் புலம்புவதைவிட, மகள்கள் இருவரையும் தடவிப் பார்த்து மைத்துனன் கிரியோனிடம் ஒப்படைக்கும் இடத்தில்தான் கூட்டம் உடைகிறது. வாலி அங்கதனை இராமனிடம் ஒப்படைக்கிறான். அதற்கும் முன்பு, தன்னைக் காட்டிக்கொடுத்த தம்பிக்காகவே ஒரு வரம் கேட்கிறான். மதுவின் மயக்கத்தில் அவன் தவறு செய்தால் என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விட்டுவிடாதே, உன் தம்பிமார் அவனை அண்ணனைக் கொல்வித்தவன் என்று ஏசினால் தடுத்துவிடு. இந்த இரண்டு வேண்டுகோளும் எந்தச் சுருக்கத்திலும் வெட்டப்படக் கூடாதவை.

செய்யக்கூடாதவை

1. வாலியைக் குற்றமற்றவனாக்காதீர்கள்

இரக்கம் கூடட்டும் என்று உருமையின் கதையை நீக்கிவிடுவார்கள். பலன் நேர்மாறாக இருக்கும். குற்றமே செய்யாதவன் கொல்லப்பட்டால் அது அநியாயம். பார்ப்பவருக்குக் கோபம் வரும், இரக்கம் வராது. செய்த குற்றத்துக்கும் பெற்ற தண்டனைக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் மனம் அளக்கிறது. குற்றத்தை எடுத்துவிட்டால் அளப்பதற்கு ஒன்றுமில்லை.

2. இராமனை வில்லனாக்காதீர்கள், சுக்கிரீவனைக் கோமாளியாக்காதீர்கள்

இராமாயணத்தைத் தலைகீழாக்கிப் பார்க்கும் மரபும் தமிழ் மேடைக்கு உண்டு. எம்.ஆர். ராதா 1950-களில் ஊர் ஊராக நடத்திய இராமாயண நாடகம் அப்படிப்பட்டது. அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில், இரக்கம் இல்லாதவன் என்ற பழியை எதிர்த்து இராவணன் நீதிமன்றத்தில் வாதாடுவான். அவை வாதத்துக்காக எழுதப்பட்டவை, அந்த வேலையைத் திறமையாகச் செய்தவை. வாலிக்காக இரங்க வைப்பது வேறு வேலை. எதிரி அயோக்கியன் என்றால் கதை எளிதாகிவிடும். நல்லவன் கையால் ஏன் இது நடந்தது என்ற கேள்விதான் வீட்டுக்குப் போன பிறகும் தூங்கவிடாது.

திருப்பூர் மாவட்டமே இதற்குச் சாட்சி. சேவூரில் வாலி வழிபட்ட கோயில் இருக்கிறது என்றால், ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையத்தில் சுக்கிரீவன் வழிபட்டதாகச் சொல்லப்படும் சுக்ரீஸ்வரர் கோயில் இருக்கிறது. தேவாரத்தில் சுந்தரர் பெயர் சொல்லும் குரக்குத்தளி அதுவே என்பர். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இடம் கொடுத்த நாட்டில் ஒருவரை மட்டும் இழிவுபடுத்தி நாடகம் போடாதீர்கள்.

3. ரத்தம் காட்டாதீர்கள்

கிரேக்க மேடையில் கொலை பெரும்பாலும் உள்ளே நடக்கும். ஒரு தூதன் வெளியே வந்து விவரிப்பான். ஜொகாஸ்டா தூக்கிட்டதும் ஈடிபஸ் கண்களைக் குத்திக்கொண்டதும் காதால் கேட்கிற செய்திகள்தான். வாலியின் சாவு மேடையில் நடந்தாக வேண்டும். ஆனால் குங்குமக் கரைசலைப் பீய்ச்சி அடிக்கத் தேவையில்லை. ரத்தத்தைப் பார்க்கிற கண் முகத்தைப் பார்க்காது.

4. இசையைக் கொண்டு அழ வைக்காதீர்கள்

சோகக் காட்சி வந்ததும் பழைய சினிமாப் பாட்டின் புல்லாங்குழலை ஸ்பீக்கரில் போட்டுவிடும் வழக்கத்தை விடுங்கள். காட்சியைப் பார்க்காமல் கதையைக் கேட்டாலே மெய் நடுங்க வேண்டும், ஜோடனையால் வருவது இரண்டாந்தரம் என்கிறார் அரிஸ்டாட்டில். ஒத்திகையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வேடம், விளக்கு, மைக் எதுவும் இல்லாமல், ஷிப்ட் முடிந்து வந்த நாலு பேரை உட்கார வைத்து நாடகத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் செல்போனை எடுக்கும் இடங்கள்தான் வெட்ட வேண்டிய இடங்கள்.

5. வாலைச் சிரிப்புப் பொருளாக்காதீர்கள்

கட்டிங் வேஸ்ட் துணியை முறுக்கிச் செய்த வால் நடக்கும்போது ஆடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். முதல் சிரிப்பு வந்துவிட்டால் வாலி மறுபடி அரசனாக மாட்டான். வாலை இடுப்புக் கச்சையோடு சேர்த்துத் தைத்துத் தோள்மேல் போடச் சொல்லுங்கள். முகத்துக்குக் குரங்கு மாஸ்க் வேண்டாம். கண்ணும் வாயும் தெரியும்படி வண்ணம் பூசினால் போதும்.

நகைச்சுவை வேண்டாம் என்பதல்ல. ஏதென்ஸில் ஒரு கவிஞர் மூன்று துன்பியல் நாடகம் போட்டால் நான்காவதாக ஒரு கேலி நாடகம் போட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைத்து அனுப்புவார். நீங்களும் சிரிப்பை அப்படித் தனியே வையுங்கள்.

6. ஆறாத காயத்தைக் கிளறாதீர்கள்

ஊரில் போன வருஷம் நடந்த பங்காளிச் சண்டையின் வசனத்தை வாலி வாயில் வைத்தால் கைதட்டு கிடைக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஏற்காதீர்கள். ஏதென்ஸுக்கு உறவு நகரான மிலேட்டஸைப் பாரசீகர்கள் அழித்த சில ஆண்டுகளில் ஏதென்ஸ் நாடகாசிரியர் பிரினிக்கஸ் அதை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. நம் வீட்டுத் துயரத்தை நினைவூட்டினாய் என்று ஏதென்ஸ் அவருக்கு ஆயிரம் திராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை மீண்டும் போடக் கூடாது என்று தடுத்துவிட்டதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

ஈஸ்கிலஸ் அதே பாரசீகர்களை வைத்து கி.மு. 472-இல் நாடகம் போட்டார். சலாமிஸ் கடற்போரில் ஏதென்ஸ் வென்று 8 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆனால் அவர் கதையைத் தோற்றவர்களின் அரண்மனையில் நடத்தினார். எதிரி நாட்டு ராஜமாதாவின் கவலையையும், கிழிந்த உடையோடு திரும்பிய மன்னனின் புலம்பலையும் வென்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் பரிசும் கொடுத்தார்கள். கொஞ்சம் தூரம் இருந்தால்தான் இரக்கத்துக்கு இடம் கிடைக்கும். கிட்கிந்தையைச் சேவூராக மாற்றாதீர்கள். மாற்றிக்கொள்ளும் வேலையைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

7. நடுவில் பொன்னாடை போர்த்தாதீர்கள்

செலவை ஏற்ற உபயதாரருக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். ஈஸ்கிலஸின் அந்தப் பாரசீகர் நாடகத்துக்குச் செலவு செய்தவர் பிற்காலத்தில் ஏதென்ஸையே நடத்திய பெரிக்ளிஸ். மரியாதையைத் தொடக்கத்திலோ முடிவிலோ வைத்துக்கொள்ளுங்கள். தாரை காட்சிக்கும் போர்க் காட்சிக்கும் இடையில் தலைவர் மேடையேறினால், அதுவரை கட்டியது அத்தனையும் சரியும்.

8. தீர்ப்பு சொல்லி முடிக்காதீர்கள்

'ஆகவே அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்க வேண்டும்' என்று அறிவிப்பாளர் சொல்லி முடிப்பதும், 'யார் செய்தது சரி' என்று உடனே பட்டிமன்றம் தொடங்குவதும் ஒரே தவறுதான். கூட்டத்தின் மனதில் இருப்பதைப் பிடுங்கி மைக்கில் போட்டுவிடுகிறோம். பட்டிமன்றம் வேண்டுமானால் மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். சோபாக்ளிஸின் 'ஏஜாக்ஸ்' நாடகத்தில், தன்னைக் கொல்லத் துணிந்த ஏஜாக்ஸ் பித்துப்பிடித்து நிற்பதைப் பார்த்து அவன் எதிரியான ஒடிசியஸ் இரங்குகிறான், நாமும் இவனைப்போன்ற நிழல்கள்தானே என்று நினைத்து. கடைசியில் அவனுக்கு முறையான அடக்கம் கிடைக்க வாதாடுபவனும் ஒடிசியஸ்தான். எவன் சரி என்று அங்கே யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

நாடகக் குழுவுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. நடிகர்களைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது எல்லோரும் தோள் அகன்ற வாலியைத்தான் முதலில் தேடுவார்கள். நீங்கள் தாரையை முதலில் தேடுங்கள். அவள் பேசுவதைக் கூட்டம் நம்பினால் போதும், வாலிக்காக அழுவது தானாக நடக்கும்.